முன்பின் தெரியாத ஒருவர் வாங்கினாரா?

"உங்கட பாக் வடிவா இருக்கு, எங்க வாங்கினீங்கள்?"

பஸ் நிலையத்திலோ, சுப்பர்மார்க்கெற் வரிசையிலோ, வளாக வாசலிலோ முன்பின் தெரியாத ஒருவர் இப்படிக் கதை தொடங்கினால் அடுத்து என்ன வரும் என்று எங்களில் கனபேருக்கு இப்போது தெரியும். எந்த ஊர், என்ன படிக்கிறீங்கள், பகுதிநேரமா ஏதும் செய்யிற யோசனை இல்லையோ, வீட்டில இருந்துகொண்டே செய்யலாம், ஞாயிற்றுக்கிழமை சின்னக் கூட்டம் ஒண்டு இருக்கு, சும்மா வந்து பாருங்கோ. என்ன வியாபாரம் என்று கேட்டால் நேரான பதில் வராது. வந்தால் விளங்கும் என்பார்கள்.

இயல்பான பேச்சுப்போலக் கேட்கும் இந்த வசனங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்பட்டவை. நேரடி விற்பனைக்காரரிடையே 'மூன்றடி விதி' என்று ஒன்று உண்டு. உங்களுக்கு மூன்று அடி தூரத்துக்குள் வருகிற எவரோடும் தொழிலைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்பதே அது. ஒரு பாராட்டில் தொடங்கி, ஒரு கேள்வி கேட்டு, தொலைபேசி இலக்கத்தை வாங்குவதில் முடிக்க வேண்டும். அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரண்டு வந்த கலை இது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகும். அந்நியரிடம் போய்ப் பொருள் விற்ற பெண்களிடம் தொடங்கிய வேலை, ஒரு கட்டத்தில் அந்த அந்நியரையே சரக்காக்கிவிட்டது. அந்தத் திருப்பம் எங்கே நடந்தது என்று தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

1886இல் நியூயோர்க்கில் டேவிட் மக்கொனல் என்பவர் 'கலிபோர்னியா பெர்ஃபியூம் கொம்பனி' என்ற ஒன்றைத் தொடங்கினார். கலிபோர்னியாவுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை, பெயர் மட்டும்தான். மக்கொனல் அதற்கு முதல் வீடு வீடாகப் புத்தகம் விற்றவர். கதவைத் திறக்கிற பெண்களைக் கவர ஒரு சின்ன வாசனைத் திரவியக் குப்பியை இலவசமாகக் கொடுப்பார். சனம் புத்தகத்தை விட்டுவிட்டுக் குப்பியைத்தான் கேட்டது. அவரும் புத்தகத்தை விட்டுவிட்டுக் குப்பிக்கு மாறிவிட்டார். 1939இல் அந்த நிறுவனம் 'ஏவோன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதன் முதல் விற்பனை முகவர் பெர்சிஸ் அல்பீ. நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் வின்செஸ்ரர் என்ற சிற்றூரைச் சேர்ந்த, 50 வயதான, திருமணமான பெண். ரயிலிலும் குதிரை வண்டிலிலும் ஊர் ஊராகப் போய் விற்றார். மற்றப் பெண்களையும் முகவர்களாகச் சேர்த்தார். ஆக, ஆள்சேர்ப்பு என்பது முதல் நாளிலிருந்தே இந்தத் தொழிலில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சேர்ந்தவர்கள் வின்செஸ்ரரில் இருந்த வேறு பெண்களுக்குக் குப்பியை விற்றால்தான் காசு. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதற்கு 34 ஆண்டுகள் முன்னரே, கணவனைக் கேளாமல் தன் கையால் உழைத்த காசை வைத்திருக்க ஒரு வழி கிடைத்ததென்றால் பெண்கள் ஏன் அதை விரும்பினார்கள் என்று விளக்கத் தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பகலில் கதவைத் திறப்பவள் பெண். வாசலில் நிற்கும் அந்நிய ஆணைவிட அந்நியப் பெண்ணோடு அவள் கூடுதலாகக் கதைப்பாள்.

எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கறுப்பினப் பெண்களின் கதை. 1900களின் தொடக்கத்தில் அவர்களுடைய தலைமுடிக்கென்று ஒழுங்கான பொருட்கள் கடைகளில் கிடைப்பது அரிது. அனி ரேர்ன்போ என்ற பெண் தானே ஒரு முடித்தைலம் தயாரித்து, முதலில் இலினோய் மாநிலத்தில் குதிரை வண்டிலில் நின்று பேசி விற்றார். 1902இல் சென் லூயிஸ் நகரத்துக்கு வந்து வீடு வீடாகப் போனார். அவருடைய முறை எளிமையானது. கதவைத் தட்டுவார், இலவசமாகத் தலையைக் கழுவித் தைலம் போட்டுவிடுவார், பிறகுதான் விலை சொல்லுவார். அந்தத் தைலத்தை விற்ற முகவர்களில் ஒருவர் சாரா பிரீட்லவ். லூசியானாவில் 1867இல், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சலவைத் தொழில் செய்து மகளை வளர்த்தவர். 1905இல் டென்வருக்குப் போய், பிறகு மேடம் சி. ஜே. வோக்கர் என்ற பெயரில் சொந்தத் தயாரிப்பைத் தொடங்கினார். தேவாலய மண்டபங்களிலும் சங்கக் கூடங்களிலும் முன்பின் தெரியாத பெண்களை இருத்தி, அவர்களின் தலையிலேயே செய்து காட்டுவார். 1910இல் இந்தியானாபொலிஸில் தொழிற்சாலை அமைத்தார்.

1912இல் கறுப்பின வணிகர்களின் தேசிய மாநாடு நடந்தது. தலைமை வகித்த புக்கர் ரீ. வோஷிங்ரன் அவருக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. அவர் எழும்பி நின்று தானாகவே பேசினார். பருத்தித் தோட்டத்திலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து தன் தொழிற்சாலைக்கும் வந்த கதையைச் சொன்னார். 1917இல் பிலடெல்பியாவில் தன் முகவர்களைக் கூட்டி மாநாடு நடத்தியபோது, கூடுதலாக விற்றவர்களுக்கு மட்டுமன்றித் தன் ஊருக்குக் கூடுதலாக உதவியவர்களுக்கும் பரிசு கொடுத்தார். கறுப்பினத்தவரை அடித்துக் கொல்லும் கும்பல்களுக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று அந்த மாநாடு ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அடித்தது. விற்பனைக் கூட்டம் என்றால் கைதட்டலும் பாட்டும் காரின் படமும் மட்டும்தான் என்று பழகிப்போன எங்களுக்கு இதை வாசிக்கும்போது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது.

இதே காலத்தில் ஆண்கள் பக்கம் வேறு மாதிரி. 1906இல் தொடங்கிய ஃபுல்லர் பிரஷ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் அமெரிக்கா முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தார்கள். அவர்களும் ஒரு சின்ன பிரஷை இலவசமாகக் கொடுத்து உள்ளே வருவார்கள். கதவு மூடாமல் காலை வைப்பவர்கள் என்று விற்பனையாளர்களைப் பற்றிப் பகிடிகள் பிறந்தது அந்தக் காலத்தில்தான். சனத்துக்கு அலுத்துவிட்டது. வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்று ஒரு ரயில்வே ஊர். இரவு வேலை முடித்த ரயில் தொழிலாளர்கள் பகலில் படுப்பார்கள், ஆட்கள் வந்து கதவைத் தட்டி எழுப்புவார்கள். 1931இல் அந்த ஊர், அழைப்பில்லாமல் வீட்டுக்குப் போய் விற்பதைத் தடைசெய்தது. ஃபுல்லர் நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. மற்ற ஊர்களும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தன. 1951இல் உச்ச நீதிமன்றமும் அப்படிப்பட்ட ஒரு சட்டத்தைச் சரி என்றது.

கதவு மூடப்பட்டதும் விற்பனைக்காரர் வேறு வழி பார்த்தார்கள். ஃபுல்லரில் இருந்து விலகிய ஃபிராங்க் ஸ்ரான்லி பெவரிட்ஜ் 1931இல் தொடங்கிய ஸ்ரான்லி ஹோம் புரொடக்ட்ஸ், 'விருந்து' முறையை வளர்த்தது. ஒருத்தி தன் வீட்டுக்குச் சிநேகிதிகளைக் கூப்பிடுவாள். விற்பனையாளர் அங்கே வந்து பொருளைக் காட்டுவார். அழைப்பில்லாமல் வந்தவர் என்று இனி யாரும் சொல்ல முடியாது. இந்தப் பள்ளியில் படித்த இரண்டு பெண்கள் பெரிய பெயர் எடுத்தார்கள். ஒருவர் மேரி கே ஆஷ். தான் பயிற்றுவித்த ஆணுக்குத் தனக்கு மேலே பதவி கொடுக்கப்பட்டதால் வேலையை விட்டு, 1963இல் 5,000 டொலர் சேமிப்பில் டலஸில் தன் அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர். மற்றவர் பிரவுனி வைஸ்.

வைஸ் தனியாக மகனை வளர்த்த தாய். ஏர்ல் ரப்பர் தயாரித்த பிளாஸ்ரிக் கிண்ணங்கள் கடைகளில் விலைபோகாமல் கிடந்தன, ஏனென்றால் மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றுவது என்று யாராவது செய்து காட்டினால்தான் சனத்துக்கு விளங்கும். வைஸ் வீட்டு விருந்துகளில் அதைச் செய்து காட்டி விற்றுத் தள்ளினார். 1951இல் ரப்பர் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு வைஸை உப தலைவராக்கினார். 1954இல் 'பிஸ்னஸ் வீக்' சஞ்சிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர். 1958இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கையில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருடச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். அதே வருடம் ரப்பர் கொம்பனியை விற்றார். 'உங்கள் சொந்த வியாபாரம்' என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த வியாபாரத்தில் சொந்தமாக எதுவும் இருக்கவில்லை.

இனி நாங்கள் தேடிய திருப்பத்துக்கு வருவோம். 1945இல் கலிபோர்னியாவில் லீ மைற்றிங்கர், வில்லியம் கசல்பெரி என்ற இருவர் 'நியூட்ரிலைட்' விற்றமின் மாத்திரைகளை விற்க ஒரு புதிய திட்டம் போட்டார்கள். ஒருவர் மயானத்தில் புதைகுழிக் காணி விற்றவர், மற்றவர் உளவியலாளர். இந்தச் சோடியை ஒரு கதாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். அவர்களின் திட்டப்படி, ஒரு விநியோகத்தர் 25 வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டால் அதன்பின் புதிய விநியோகத்தர்களைச் சேர்க்கலாம். சேர்த்தவர்களின் விற்பனையிலும் 3 சதவீதம் அவருக்கு வரும்.

அந்த 25 என்ற எண்ணைக் கவனியுங்கள். முதலில் மாத்திரையை வாங்கும் 25 பேர், பிறகுதான் ஆள்சேர்ப்பு. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆனால் 25 பேருக்கு மாதாமாதம் மாத்திரை விற்பது கஷ்டம். அதே மாத்திரையை விற்கும் ஆட்களைச் சேர்ப்பது, அவர்கள் தங்களுக்கென்று ஒரு பெட்டி வாங்குவது, அவர்கள் இன்னும் ஆட்களைச் சேர்ப்பது - இது காகிதத்தில் போட்டுப் பார்க்கக் கஷ்டமே இல்லாத கணக்கு. நியூட்ரிலைட் விநியோகத்தர்களாக 1949இல் சேர்ந்த ரிச் டிவோஸ், ஜே வான் அன்டெல் இருவரும் 1959இல் ஆம்வேயைத் தொடங்கினார்கள். அதன்பின் இந்த முறை உலகம் முழுக்கப் போனது.

காகிதக் கணக்கை நாங்களும் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 பேரைச் சேர்க்க, அந்த ஒவ்வொருவரும் 5 பேரைச் சேர்க்க வேண்டும். 5, 25, 125, 625 என்று போய் எட்டாவது படியில் 390,625 பேர் தேவை. ஒன்பதாவது படியில் 1,953,125. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் வட மாகாணத்தின் மொத்தச் சனத்தொகையே சுமார் 10 இலட்சத்து 60 ஆயிரம்தான், தொட்டில் பிள்ளையும் சேர்த்து. பதினோராவது படிக்குப் போனால் இலங்கையைப் போல இரண்டு நாடுகள் வேண்டும்.

ஆகவேதான் பஸ் நிலையம். இந்தத் திட்டங்களில் சேர்ந்தவுடன் முதலில் கொடுக்கப்படும் வேலை, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதுவது. மாமி, சித்தப்பா, ரியூசனில் பக்கத்தில் இருந்த பெடியன், பழைய ரீச்சர் எல்லாரும் அதில் வருவார்கள். அந்தப் பட்டியல் கெதியில் முடிந்துவிடும். பாதிப்பேர் முடியாது என்பார்கள், மீதிப்பேர் அழைப்பையே எடுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெருவில் போகிற முகங்கள். உங்கள் பாக்கைப் பாராட்டுகிற அந்த அண்ணாவோ அக்காவோ துணிச்சல்காரர் என்பதால் மட்டும் உங்களிடம் வரவில்லை. அவருடைய சொந்தக்காரர் முடிந்துவிட்டார்கள்.

எழுபதுகளில் அமெரிக்காவில் இது முற்றியது. கிளென் டர்னர் என்பவர் கொஸ்கொட் என்ற அழகுசாதன நிறுவனத்தையும், தன்னம்பிக்கைப் பாடம் விற்கும் இன்னொரு நிறுவனத்தையும் நடத்தினார். ஆள்சேர்க்கப் போகிறவர்கள் விலையுயர்ந்த உடுப்புப் போட வேண்டும், புதுக் கார் ஓட வேண்டும், காசுக்கட்டைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. காசு வந்ததோ இல்லையோ, வந்த மாதிரி இருக்க வேண்டும். 1975இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு கொஸ்கொட் வழக்கில், பிரமிட் திட்டம் என்றால் என்ன என்பதை வரையறுத்தது. காசு கட்டிச் சேர்ந்தவருக்கு, கடைசிப் பாவனையாளருக்கு விற்பதோடு தொடர்பில்லாமல், ஆள்சேர்த்ததற்கே வெகுமதி கிடைத்தால் அது பிரமிட்.

அதே ஆண்டு ஆம்வே மீதும் வழக்குத் தொடங்கியது. 1979இல் வந்த தீர்ப்பில் ஆம்வே தப்பியது. விலையைக் கட்டுப்படுத்தியதும், வருமானத்தை ஊதிப் பெருப்பித்துக் காட்டியதும் பிழை என்றார்கள், ஆனால் பிரமிட் இல்லை என்றார்கள். காரணம், ஆம்வேயிடம் மூன்று விதிகள் இருந்தன. வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும். விலகுகிறவரின் சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டும். மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றதைக் காட்ட வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப யோசிக்கிறோம். ஒரு தொழில் உண்மையானதா என்று அறிய ஒரு பெரிய அரசின் சட்டம் கடைசியில் வந்து நின்ற இடம், சங்கிலிக்கு வெளியே உள்ள பத்துப்பேர். திட்டத்தில் சேராத, சேரும் எண்ணமும் இல்லாத யாராவது இந்தச் சவர்க்காரத்தை, சவர்க்காரம் வேணும் என்பதற்காக வாங்கினார்களா?

அந்தக் கேள்வி அதன்பிறகு ஓயவில்லை. 2015இல் ஆணைக்குழு வெம்மா என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. சக்திப் பானம் விற்ற அந்த நிறுவனம் குறிவைத்ததாகச் சொல்லப்பட்டது கல்லூரி மாணவர்களை, அதாவது எங்கள் வயதுக்காரரை. 2016இல் ஹேர்பலைஃப் 200 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. இனிமேல் கொடுக்கும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, உறுதிப்படுத்தப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்று அந்த இணக்கம் சொன்னது. 1979இல் பத்துப்பேர் என்ற கேள்வி, 37 வருடம் கழித்துப் பற்றுச்சீட்டைக் காட்டு என்று வந்து நிற்கிறது.

எங்கட நாட்டுக்கு வீட்டு வியாபாரம் சங்கிலித் திட்டங்களோடு வந்ததல்ல. சிங்கர் தையல் இயந்திரம் 1877இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. தவணைக் காசுக்கு வாங்கிய அந்த இயந்திரம் எத்தனை வீடுகளில் அடுப்பெரித்தது என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டால் சொல்லுவார். சீட்டுப் பிடிப்பதும் எங்களுக்குப் பழசு. ஆனால் சீட்டுக்காரி தெருவில் போகிறவரைச் சேர்க்கமாட்டார். அவரின் வீடு தெரிய வேண்டும், தாய் தகப்பன் தெரிய வேண்டும். சீட்டில் ஆட்தொகை முதலே தீர்மானிக்கப்பட்டது. இருபது பேர் என்றால் இருபது பேர், இருபது மாதத்தில் முடிந்துவிடும். சங்கிலித் திட்டம் எங்கள் சனத்திடம் வந்தபோது சீட்டின் நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டு, அதன் முடிவை மட்டும் விட்டுவிட்டது.

பிரமிட் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. 2005இலும் 2006இலும் வந்த திருத்தங்களால் உருவான பிரிவு அது. சேருகிறவர் காசு கட்ட வேண்டியிருந்து, கிடைக்கும் பலன் பெருமளவுக்கு ஆட்தொகை கூடுவதிலோ அவர்கள் கட்டும் காசு கூடுவதிலோ தங்கியிருந்தால் அது குற்றம். நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, அதை விளம்பரப்படுத்துகிறவருக்கும் முன்தள்ளுகிறவருக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிற பெடியன் தன்னை ஏமாந்தவன் என்று நினைப்பான். சட்டத்தின் கண்ணில் அவன் முன்தள்ளியவனாகவும் இருக்கலாம். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை வெளியிட்டும் வருகிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வேலையும் இல்லாமல் வெளிநாட்டுக்கும் போக முடியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலைவிட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அது அவர்களின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. நகையை அடகு வைத்துக் காசு கட்டிய பிள்ளை, தான் சேர்த்துவிட்ட மாமியின் முகத்தில் முழிக்க முடியாமல்தான் பொலிசுக்கும் போகாமல் இருக்கிறது.

இன்னொரு நட்டம் யாரும் கணக்கெடுக்காதது. வடக்கிலும் கிழக்கிலும் மோர்மிளகாய், ஒடியல் மா, அரைத்த தூள், ஊறுகாய், தைத்த சட்டை என்று வீட்டில் செய்து விற்கிற பெண்கள் ஏராளம். கணவனை இழந்த குடும்பங்களில் அதுவே முழு வருமானமும். அவர்களுக்கும் முன்பின் தெரியாதவரிடம் போய்க் கதைக்க வேண்டிய தேவை இருக்கிறது. ஒரு கிராமத்தின் சொந்தக்காரரும் அயலும் எத்தனை போத்தல் ஊறுகாய் வாங்குவார்கள்? கோயில் திருவிழாக் கடையிலும், கண்காட்சியிலும், சந்தை வாசலிலும்தான் புது ஆட்களைப் பிடிக்க வேண்டும். ரேர்ன்போவும் வோக்கரும் செய்ததுபோல, கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து ருசி பார்க்கச் சொல்லி, விலையைச் சொல்லி, பெயரும் இலக்கமும் ஒட்டிய போத்தலைக் கொடுக்க வேண்டும். ஆனால் இப்போது ஒரு அக்கா கிட்ட வந்து "தங்கச்சி, இது நான் வீட்டில செய்யிறது" என்று தொடங்கும்போதே சனம் ஒரு அடி பின்னுக்குப் போகிறது. எங்க கையெழுத்துப் போடச் சொல்லப்போறாவோ, எந்தக் குறூப்பில சேர்க்கப்போறாவோ என்ற பயம். அவவிடம் படிவம் ஒன்றும் இல்லை. பையைத் திறந்து காட்டினால் உள்ளே தூள் பக்கெற்றுகள்தான் இருக்கும், ஒவ்வொன்றிலும் விலை எழுதியிருக்கும்.